போய் வந்தவரும் வந்து தங்கியவரும்: ‘பரதேசி’ என்ற சொல்லின் தடம்

1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கு, வண்டி, கூடாரம், சமையல்காரர், காவலர் என்று ஏறத்தாழ நூறு பேர் உடன் போனார்கள். மாதவரத்தைத் தாண்டித் திருப்பதி, ஹைதராபாத், நாகபுரி, பிரயாகை வழியாகக் காசியையும் கயையையும் கண்டு, கல்கத்தா, பூரி வழியே கடலோரமாக இறங்கி, 1831 செப்டம்பர் 3இல் ஊர் திரும்பினார். வழியில் அவர் தெலுங்கில் எழுதிவந்த குறிப்புகளை அவருடைய நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை, ‘காசியாத்ரா சரித்ர’ என்ற நூலாக 1838இல் அச்சிட்டார்.

அதே 1838இல், அதே வட்டாரத்தில் இன்னொரு பயணி காலமானார். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் அவர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்று, காதிரிய்யா நெறியில் தீட்சை பெற்று, இளமையிலேயே வீட்டைத் துறந்தார். திருப்பரங்குன்றத்து மலையிலும் காடுகளிலும் தவம் இருந்து, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ராயபுரத்துப் பக்கம் வந்து தங்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாம் அறிந்திருக்கும் அந்த ஞானக் கவிஞர் தொண்டிக்குத் திரும்பவே இல்லை. அவருடைய அடக்கத்தலம் ராயபுரத்தில் இருக்கிறது.

வீராசாமி யாத்திரிகர். மஸ்தான் சாகிபு பக்கிரி அல்லது பரதேசி. சமயத்தின் பெயரால் நடந்தவர்களுக்குத் தமிழ் வைத்திருக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. யாத்திரிகர், ஹாஜியார், பாதயாத்திரைக்காரர், மாலை போட்ட சாமி ஆகியோர் ஒரு பக்கம். பரதேசி, பண்டாரம், ஆண்டி, பக்கிரி ஆகியோர் மறுபக்கம். முதல் கூட்டத்துச் சொற்கள் இன்றும் மரியாதையோடு புழங்குகின்றன. இரண்டாம் கூட்டத்துச் சொற்களில் பெரும்பாலானவை வசையாகவோ ஏளனமாகவோ தேய்ந்துவிட்டன. எந்தச் சமயத்துச் சொல் என்பது இந்தப் பிரிவை விளக்கவில்லை; இரண்டு பக்கமும் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். முதல் கூட்டத்தார் வீடு திரும்புவார்கள், இரண்டாம் கூட்டத்தார் திரும்பமாட்டார்கள் என்பதே வேறுபாடு. பயணிக்கு நாம் கொடுக்கும் மதிப்பு, அவர் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அமைந்துவிட்டது என்று கருதுகிறேன். ‘பரதேசி’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, வடசென்னையை நடுவில் வைத்து, இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஊரின் பெயர்

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மஸ்தான் சாகிபுவைத் ‘தொண்டியார்’ என்று அழைத்தார்கள்; அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆகி, பிறகு தண்டையார்பேட்டை என்று மருவியது. வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்றும் ‘தொ’ இருப்பதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு.

ஆனால் காலக் கணக்கு இடிக்கிறது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1693இல் பெற்றது. மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே ஊர் இருந்திருக்கிறது, இன்றைய பெயரை ஒத்த ஒரு பெயரோடு. ஆகவே ஊர்ப் பெயர் அவரிடமிருந்து பிறந்திருக்க வாய்ப்பில்லை.

இதைச் சொல்லிவிட்டு வாய்மொழி மரபை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அந்த மரபுதான் முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே இருந்த பெயருக்கு, எங்கிருந்தோ வந்த ஒரு பக்கிரியைக் காரணமாக மக்கள் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நிலம் வாங்கிய கம்பெனியின் பெயரையோ, தோட்ட வீடுகளில் இருந்த துபாஷிகளின் பெயரையோ அதில் ஏற்றவில்லை. அவர்மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடிய ஐயாசாமி முதலியாரும், நான்மணிமாலை பாடிய திருத்தணிகை சரவணப்பெருமாளையரும் சைவப் புலவர்கள். வீடு துறந்து வந்த ஓர் இசுலாமியர், அடுத்த சமயத்தாரின் பாட்டுடைத் தலைவராகவும் ஊரின் பெயர்க்காரணமாகவும் ஆகியிருக்கிறார். பரதேசி என்ற சொல் மதிப்போடு நின்ற காலத்தின் கடைசி அடையாளங்களில் ஒன்று இது.

வணிகரும் துறவியும்

பிற தேசத்தான் என்பதே பரதேசியின் முதற்பொருள். இடைக்காலக் கல்வெட்டுகளில் இது வணிகரின் சொல்லாக வருகிறது. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் சுதேசி, பரதேசி, நானாதேசி என்று தம்மைப் பிரித்துச் சொல்லிக்கொண்டன. உள்ளூரில் விற்பவர், வெளிநாடு போய் விற்பவர், பல நாடுகளிலும் விற்பவர் என்ற பகுப்பு அது. பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டிலேயே ‘நானாதேசி விண்ணகரம்’ என்று ஒரு பெருமாள் கோயில் இருந்தது. அதற்குத் திருப்பணி செய்தவர் சேர நாட்டு மகோதயர்பட்டினத்திலிருந்து போன ஒரு வணிகர். அந்நிய மண்ணில் நிற்பது அன்று பெருமையாக இருந்தது. கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கு இன்றும் ‘பரதேசி’ என்றுதான் பெயர். வெளியிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டார்கள்.

கோயில் கல்வெட்டுகளில் இதே பொருளை ஒட்டி வேறு சொற்கள் உண்டு. புதிதாக வருபவர்களை ‘அபூர்விகள்’ என்றும், தொலைவிலிருந்து வருபவர்களைத் ‘தேசாந்திரிகள்’ என்றும் குறித்து, அவர்களுக்குச் சோறிட நிலமும் நெல்லும் பொன்னும் எழுதிவைத்தார்கள். அபூர்வி என்றால் முன்பு பார்த்திராதவர். தமிழில் விருந்து என்ற சொல்லுக்கும் புதுமை என்பதே அடிப்பொருள். தெரிந்தவருக்குப் போடும் சோறு உறவுக் கடன். தெரியாதவருக்குப் போடுவதுதான் விருந்து. அறக்கட்டளைகள் இந்தப் புரிதலில்தான் எழுந்தன.

திருவொற்றியூர் இதற்கு நல்ல சான்று. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதரின் கதையைச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்த அவர் சோழ இளவரசன் இராசாதித்தனின் படையில் சேர்ந்து அவனுக்கு நெருக்கமானவராக இருந்தார். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இறந்தபோது உடன் சாக முடியவில்லையே என்ற துயரத்தில் கங்கைக்குப் போய் நீராடினார். பிறகு திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, மடத்தின் தலைவராகவே ஆனார். வேற்று நாட்டார், தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர், போர்க்களத்திலிருந்து வந்தவர், எதுவும் தடையாகவில்லை. மடத்தின் பெருங்கதவு பரதேசிக்குத் திறந்திருந்தது.

அதே திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. பரதேசி என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்தது அவரிடம்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், கடல் வணிகத்தில் வளர்ந்த குடும்பம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு தலம் தலமாக அலைந்தார். கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே தன் பயணம் முடியும் என்று அவர் அறிந்திருந்ததாகவும், அது இங்கே இனித்ததாகவும் மரபு சொல்கிறது. சரக்கோடு போனவரும் பரதேசி, எல்லாவற்றையும் இறக்கிவைத்துப் போனவரும் பரதேசி.

வேதாகமமும் அகராதியும்

புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் இச்சொல்லுக்கு மூன்றாவது ஒரு வாழ்வு கொடுத்தது. இந்த உலகத்தில் விசுவாசிகள் அந்நியரும் பரதேசிகளுமே என்ற கருத்து எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலும், பேதுருவின் முதல் நிருபத்திலும் வருகிறது. பேதுருவைத்தான் கத்தோலிக்கத் தமிழர் ராயப்பர் என்கிறார்கள். ராயபுரம் என்ற பெயர் அந்த ராயப்பரிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயம் அங்கே இருக்கிறது. அருகிலேயே மஸ்தான் சாகிபு, சற்று வடக்கே பட்டினத்தார், இங்கே பரதேசிகளுக்குக் கடிதம் எழுதிய ராயப்பர். நாலைந்து மைலுக்குள் மூன்று சமயங்களிலும் இச்சொல் உயர்ந்த பொருளில் நின்றிருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே வழியில் ஒரு சொல் நடந்திருக்கிறது. இலத்தீனில் ‘பெரெக்ரீனுஸ்’ என்றால் ரோமானியக் குடியுரிமை இல்லாத அந்நியன். அதுவே காலப்போக்கில் புனிதப் பயணியைக் குறிக்கும் சொல்லாகி, ஆங்கிலத்தில் ‘பில்கிரிம்’ ஆயிற்று. அந்நியன் பயணியாகி, பயணி பக்தனாகி உயர்ந்தான். 1678இல் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் காவியம் செய்தபோது, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று பெயரிட்டார். பொருளளவில் ‘பரதேசி’யும் பொருந்தக்கூடிய இடம் அது. ஆனாலும் காவியத் தலைப்புக்கு யாத்திரிகமே தேர்வாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பரதேசிக்கு அந்நிய நாட்டான், யாத்திரிகன், துறவி என்ற பொருள்கள் சேர்ந்தே கிடக்கின்றன. தெருவில் இன்று கேட்கும் பொருளோ வேறு.

மணவறை வாசலில்

திருமணத்தில் மாப்பிள்ளை குடையும் தடியும் புத்தகமும் விசிறியுமாகக் காசிக்குப் புறப்படுவார். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, ‘என் பெண்ணைத் தருகிறேன், இல்லறம் நடத்துங்கள்’ என்று அழைத்துவருவார். காசி யாத்திரை என்று பலரும் அறிந்த இந்தச் சடங்குக்குப் ‘பரதேசிக் கோலம்’ என்றும் பெயர் உண்டு. பரதேசி என்ற சொல் இன்று வசை நாற்றமில்லாமல் ஒலிக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. வாசலைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் திரும்ப அழைக்கப்படுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பரதேசிக்கு மாலையும் மரியாதையும். அழைத்துவர மாமனார் இல்லாத பரதேசிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி.

சத்திரம் கஞ்சித்தொட்டி ஆன கதை

சொல் தனியாகக் கீழே இறங்கவில்லை. அதைத் தாங்கிய அமைப்புகளும் கூடவே மாறின. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடையே இருக்கும் மணியக்காரர் சத்திரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹைதர் அலி போரை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல், ஊர் மணியக்காரர் ஒருவர் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. சத்திரம் என்பது வழிப்போக்கரும் யாத்திரிகரும் இளைப்பாறும் இடத்தின் பெயர். இங்கே அது போக்கிடம் இல்லாதவர்களுக்கான இடத்தின் பெயராயிற்று. அதை ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. பெரியவர்கள் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். சத்திரம் முதியோர் இல்லமாக நடக்கிறது.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. வீராசாமிக்குப் பதினைந்து மாதம் எடுத்த பயணம் அடுத்த சில பத்தாண்டுகளில் சில நாள் பயணமாகச் சுருங்கியது. நூறு பேரைக் கூட்டிப் போக வசதியில்லாதவருக்கும் காசியும் ராமேசுவரமும் கைக்கெட்டின. இது பெரிய நன்மை. அதே சமயம் டிக்கெட் வாங்கியவர் யாத்திரிகர், டிக்கெட் இல்லாமல் நடப்பவர் பரதேசி என்ற பாகுபாடும் பிறந்தது. போகும் நாளும் திரும்பும் நாளும் தெரிந்தவருக்குச் சாலையோரச் சாவடி தேவைப்படவில்லை. அவர் விலகியதும் சாவடியில் மிஞ்சியவர்கள் போக்கற்றவர்கள் மட்டுமே. 1876–78 பெரும் பஞ்சத்தில் பசியோடு சென்னைக்கு நடந்து வந்த கூட்டத்தையும், காவி கட்டி நடந்த துறவியையும் பார்க்கிறவர் கண் வேறுபடுத்த மறந்தது. 1945இல் வந்த சென்னை மாகாணப் பிச்சை தடுப்புச் சட்டம், கையேந்துவதைக் குற்றம் என்று எழுதியது. பிட்சை என்ற அறம் பிச்சை என்ற குற்றமாக முடிந்த இடம் அது.

இதற்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். காவியைப் பிழைப்பாக்கியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களை முதலில் கண்டித்தவர்கள் சித்தர்களே. உழைக்காமல் உண்பதைக் கேள்வி கேட்ட பகுத்தறிவு இயக்கத்தின் விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வசை போலிகளைக் குறிபார்த்து விழவில்லை. மடமும் ஆதரவாளரும் உள்ள போலி தப்பித்துக்கொண்டான். மடம் இல்லாதவன்மீதே, அவன் உண்மையானவனா என்று பார்க்காமல், அது விழுந்தது.

இன்றைய வழக்கு

யாத்திரிகர் என்ற சொல்லைத் தண்டையார்பேட்டையில் யாரும் பேசிக் கேட்கமுடியாது. அது அரசு விடுதிப் பலகையிலும் செய்தித்தாளிலும் இருக்கும் சொல். பேச்சில் வினைதான் முன்னே நிற்கும். ஆடி மாதத்தில் ‘பெரியபாளையம் போறாங்க’. வேண்டுதல் உள்ளவர்கள் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவார்கள். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்து, சிறு தேரில் மாதா சொரூபம் வைத்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்கள் ‘வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்க’. மக்காவுக்குப் போய் வந்தவர் ‘ஹாஜியார்’. அந்தப் பட்டம் ஆயுள்வரை பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் எல்லாவற்றையும் மிஞ்சி நிற்பது ‘சாமி’. காசிமேட்டில் மீன் கூடை இறக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐப்பசியில் தாமதமாக வந்தால், ‘டேய் பரதேசி, இன்னாடா இம்மா நேரம்?’ என்று கூப்பாடு விழும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியதும், கூப்பிட்ட அதே வாய், ‘சாமி, கொஞ்சம் சீக்கிரம் வாங்க சாமி’ என்கிறது. டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். தெருவில் வயதில் மூத்தவரும் அவரைச் சாமி என்பார். அவரும் எல்லோரையும், சின்னப் பிள்ளையைக்கூட, சாமி என்பார். முதல் தடவை போகிறவர் கன்னிச்சாமி, வழிநடத்துகிறவர் குருசாமி, பெண்கள் மாளிகைப்புறம். ஒரு மண்டலம் முழுக்க யாருக்கும் ‘டா’ இல்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் பழைய பெயர் திரும்பி வந்துவிடுகிறது. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் இரண்டு கூட்டத்துச் சொல்லையும் வாங்குகிறார். எல்லோரையும் சாமி என்று அழைக்க நமக்குத் தெரியும் என்பதை அந்த மண்டலம் ஆண்டுதோறும் நிரூபிக்கிறது. அதை நாற்பத்தொரு நாளோடு நிறுத்திக்கொள்வது நம் முடிவு.

பரதேசிக்கு நான்காவது பொருள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பாலா 2013இல் எடுத்த ‘பரதேசி’ படம், பி.எச். டேனியலின் நாவலை அடிப்படையாகக் கொண்டு, தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகப்பட்டுத் திரும்ப முடியாமல் போன கூலிகளைக் காட்டியது. துறவியல்லாத, தலத்துக்குப் போகாத, பிழைப்புக்காக ஊரைவிட்ட உழைப்பாளி இங்கே பரதேசி. சொல்லின் முதற்பொருளுக்கு மிக அருகில் இருப்பவரும் இவர்தான்.

அந்த உழைப்பாளி இப்போது வடசென்னையில் இருக்கிறார். மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகக் கிடங்குகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ‘வடக்கன்’ என்று அவர்களைச் சொல்லும் தொனியில், பரதேசி இறங்கி வந்த அதே படிக்கட்டு தெரிகிறது. பிறந்த திசையைச் சொல்லும் சொல், மெல்ல மெல்ல ஆளைத் தாழ்த்தும் சொல்லாகிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. கோயில் கட்டளைகள் அபூர்விக்கு நெல் அளந்தன. ராயப்பரின் நிருபம் விசுவாசிகளையே பரதேசிகள் என்றது. மூன்று மரபிலும் அந்நியருக்கு உரிமையாக இருந்த ஒன்றை நாம் சலுகையாகக்கூட மிச்சம் வைக்கவில்லை.

இச்சொற்களின் வரலாற்றில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கல்வெட்டுச் சொல்லகராதிகள் அபூர்வி, தேசாந்திரி போன்றவற்றைப் பதிவுசெய்திருக்கின்றன. அவை பேச்சில் எப்போது தேய்ந்தன, எந்த நூற்றாண்டில் வசையாயின என்பதை நாடகம், நாவல், பத்திரிகை, பஞ்சக்கால அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து ஆண்டுவாரியாகத் தொகுக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகிய இடங்களின் பேச்சு வழக்கைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். வடசென்னைத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கியதால் இழந்த சான்றுகள் அதிகம்.

சொல்லை மட்டும் குளிப்பாட்டி மீண்டும் அரியணையில் ஏற்றிவிட முடியாது. பரதேசி என்ற சொல்லுக்கு மதிப்பு இருந்தது, வந்தவருக்கு ஒரு திண்ணையும் ஒரு வேளைச் சோறும் நிச்சயமாக இருந்ததால். மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்கள் இன்று அந்தத் திண்ணையின் இடத்தில் நிற்கின்றன. அவை பெருக வேண்டும், அங்கே தங்குபவரை அழைக்கும் தொனியும் மாற வேண்டும். தொண்டியிலிருந்து வந்த ஒருவரைத் தன் பெயருக்குக் காரணமாக்கிக்கொண்ட ஊருக்கு, பாட்னாவிலிருந்து வந்தவரை மரியாதையாக அழைப்பது புதிய பாடம் ஆகாது. ஏற்கெனவே செய்து காட்டியதை மறுபடியும் செய்தால் போதும்.